மாப்பிள்ளை அனுப்பிய ஓசோன் பெட்டி

1

இது எங்கள் உறவில் நடந்த கதை. எந்த உறவு என்று கேட்கக் கூடாது. குடும்பத்துப் பேச்சு தெருவுக்குப் போவது எனக்குப் பிடிக்காது. அதனால் ஊரை அரிமளம் என்று மாற்றிவிட்டேன், பெயர்களையும் மாற்றிவிட்டேன். எங்கள் ஆட்கள் படித்தால் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆனால் வாய் திறக்கமாட்டார்கள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘குழந்தைசாமி தூங்கும்போது மூச்சு நின்று நின்று வந்தது. எமன் கட்டிலைச் சுற்றி வந்து…’

வேண்டாம். இது சாவைப் பற்றிய கதை அல்ல, கழுவுவதைப் பற்றிய கதை.

2

குழந்தைசாமிக்குத் தூக்கத்தில் மூச்சு அடைக்கும். புதுக்கோட்டை டாக்டர் ஒரு மெஷின் கொடுத்திருந்தார். அதன் காற்று நீளக் குழாய் வழியாக மூக்கில் மாட்டும் மாஸ்க்குக்கு வரும். காலையில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அவர் மனைவி பொன்னுத்தாய் மாஸ்க்கை மென்மையான சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் கொண்டு கழுவி நிழலில் காயவைப்பார். குழாய்க்கு வாரம் ஒருமுறை குளியல்.*

(* கிருமிநாசினி ஊற்றலாமா என்று கேட்பவர்களுக்கு: கூடாது. இது கதைக்குத் தேவையில்லை, வீட்டுக்குத் தேவை.)

துபாயிலிருந்து மகள் வனிதாவின் புருஷன், மாப்பிள்ளை கோபிநாத் ஒரு பெட்டி அனுப்பினார். மாஸ்க்கையும் குழாயையும் உள்ளே வைத்துப் பொத்தானை அழுத்தினால் ஓசோன் வாயு கிருமியைக் கொன்றுவிடும், தண்ணீரே வேண்டாம் என்று அதன்மேல் எழுதியிருந்தது. குழந்தைசாமி பெருமையோடு அழுத்தினார். மறுநாள் நெஞ்சு எரிந்தது. இருமல் நிற்கவில்லை.

ஆஸ்பத்திரியில் சிஸ்டர் ஷர்லி சொன்னார்: “அந்த வாயு குழாய்க்குள்ளயே தங்கும்ங்கய்யா. இழுத்தா நுரையீரலுக்கு ஆகாது. சோப்பும் தண்ணியும் போதும். பெட்டிய ஓரங்கட்டுங்க.”

ஓரங்கட்டலாம்தான். ஆனால் மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமை லீவில் வருகிறார்.

3

“வந்ததும் பெட்டி எப்புடின்னு கேப்பாரு. ஆகலைன்னா அவரு மொகம் என்னத்துக்காகும்?” என்றார் குழந்தைசாமி.

“ஒங்க நெஞ்சு என்னத்துக்காகும்?”

“அவரு இருக்கிற வரைக்கும் போட்டுக்கிறேன்.”

“போடுங்க. இருமுறப்பவும் மாப்ள வாங்கிக் குடுத்ததுன்னு சொல்லிக்கிட்டே இருமுங்க” என்றார் பொன்னுத்தாய்.

(இதைப் படித்துவிட்டு, ‘இம்புட்டு வீம்பா ஒரு மனுசன் இருப்பாரா?’ என்று என் மனைவி கேட்டாள். வீம்பில்லை, மரியாதை என்றேன். அவள் சிரித்தாள். எதற்கென்று தெரியவில்லை.)

4

ஞாயிறு. கோழிக்குழம்பு. இலையில் உட்கார்ந்ததுமே மாப்பிள்ளை கேட்டார்: “மாமா, பெட்டி எப்புடி?”

“அதுக்கென்ன மாப்ளே, ஜோரு!”

பொன்னுத்தாய் ரசத்தை நங்கென்று வைத்தார்.

சாப்பிட்ட களைப்பில் மாப்பிள்ளை கூடத்தில் சாய்ந்தார். சற்று நேரத்தில் குறட்டையில் ஜன்னல் அதிர்ந்தது.

“ஏ பொன்னு! நம்மளயே தோக்கடிச்சிட்டாருடி!” குழந்தைசாமிக்கு ஒரே சந்தோஷம்.

திடீரென்று குறட்டை நின்றது. மூச்சும் நின்றது.

இங்கே எனக்குச் சில முடிவுகள் இருந்தன. ஒன்று: மாப்பிள்ளைக்கும் இதே நோய் என்று தெரிந்து, அந்தப் பெட்டியை அவருக்கே பரிசாகக் கொடுத்துவிடுகிறார். கௌரவம் தப்பியது. அந்த முடிவை அடித்துவிட்டேன். நெஞ்சை எரிக்கும் பொருளை மகளின் புருஷனுக்குக் கொடுக்கிறவர்கள் எங்கள் குடும்பத்தில்… அதாவது, அரிமளத்துக் குடும்பத்தில் இல்லை.

இன்னொன்று: மனைவியிடம் சொல்லி, அவர் மகளிடம் சொல்லி, மகள் மாப்பிள்ளையிடம்… அதற்குள் லீவு முடிந்துவிடும்.

மூன்றாவதை நான் யோசிக்கும்வரை குழந்தைசாமி காத்திருக்கவில்லை.

5

“மாப்ளே! மூச்ச விடுங்க!”

தோளைப் பிடித்து உலுக்கினார். கோபிநாத் காற்றை இழுத்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். “என்ன மாமா?”

“கொறட்ட விடுறீங்க. நடுவுல மூச்சு நிக்கிது. நாளைக்கு நம்ம டாக்டர்ட்ட போறோம்.”

எங்கள் பக்கம் மாமனார் மாப்பிள்ளையிடம் இப்படிப் பேசுவதில்லை. அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது.

கோபிநாத் தலையைச் சொறிந்தார். “வனிதாவும் சொல்லிக்கிட்டேதான் மாமா இருக்கா. நாந்தான் கேக்கல.” பிறகு முகம் மலர்ந்தது. “சரி, மெஷின் வாங்கிருவோம். லீவுல வர்றப்பல்லாம் ஒங்க பெட்டியிலயே நானும் சுத்தம் பண்ணிக்கிறேன்!”

பொன்னுத்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார். குழந்தைசாமி வாயைத் திறக்கிறார்.

அடுத்த வாக்கியம் எனக்கு வரவில்லை. நானும் மாமனார்தான். மாப்பிள்ளை மனம் நோகாமல், அந்தப் பெட்டி ஆகாது என்று இப்போதே சொல்லியாக வேண்டும். உங்கள் வீட்டில் எப்படிச் சொல்வீர்களோ அப்படிச் சொல்லிவிடுங்கள். சீக்கிரம். மனிதர் திறந்த வாயோடு நிற்கிறார்.