விரல் வைக்காத மாலை

பொழுது புலருமுன்பே சலவைக்கூடம் கொதித்துக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரிகளிலிருந்து வந்த விரிப்புகளை, ரத்தக்கறையும் மருந்து வாடையுமாக அள்ளி வெளுத்து, ஈரம் சொட்டத் தூக்கி, ஆவி சீறும் உருளைக்குள் இரண்டிரண்டு பேராய்த் தள்ளினார்கள். போன வாரம் அந்த உருளைதான் வடிகட்டியின் அண்ணனுடைய வலது கையை மணிக்கட்டுவரை இழுத்துக்கொண்டது. ரத்தத்தைத் துடைத்த கையோடு அதை மறுபடி ஓடவிட்டார் முதலாளி. பாவி மனுசன்!

வடிகட்டி என்பது கூடத்துக்காரர்கள் வைத்த பெயர். மாடி அறையில் கணினிமுன் உட்கார்ந்து, யாரை அறிக்கையில் காட்டுவது, யாரை விடுவது என்று நிபந்தனை எழுதுவது அவள் வேலை. "டீயை வடிகட்டினா தூள்தான் சக்கை. இவ வடிகட்டினா நாமதான் சக்கை" என்று கேலி பேசுவார்கள்.

அன்று காலை முதலாளி அவளைக் கூப்பிட்டார். அவள் எழுதிய நிபந்தனை திரையில் இருந்தது: வரும்போதும் போகும்போதும் வாசல் வருகைப் பொறியில் விரல் வைத்திருந்தால் ஆளைக் காட்டு; அல்லது, வந்த நேரம் பதிவாகி, போன நேரம் காலியாக இருந்தாலும் காட்டு.

"அந்த அல்லதுலேர்ந்து மிச்சத்தை வெட்டு."

கை நசுங்கி ஆம்புலன்ஸில் போனவர் வாசலில் விரல் வைத்துவிட்டா போவார்?

"வெட்டினா எங்க அண்ணன் அன்னிக்கு வேலைக்கே வரலேன்னு ஆயிடும் சார்."

"ஆகட்டுமே. வராதவனுக்கு எதுக்கு நஷ்டஈடு? நீ வெட்டலேன்னா நாளைக்கு உனக்கும் வேலை இல்ல, உங்க அண்ணிக்கும் இல்ல."

வெட்டினாள். அண்ணன் திரையிலிருந்து மறைந்துபோனார். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்துத்தான் ஆகவேண்டும். இந்த ஆளுக்கு அந்தத் தண்ணீரைத் தன் கையாலேயே ஊற்றவேண்டும் என்று அவளுக்குள் வன்மம் மூண்டது.

சாப்பாட்டு நேரத்தில் கீழே இறங்கி எல்லார் முன்னாலும் சொன்னாள். விரிப்பு மடித்துக்கொண்டிருந்த அண்ணி கையிலிருந்ததை வீசியெறிந்தாள். "அப்போ அந்த உருளை யாரு கையைத் தின்னுச்சாம்? பேயோட கையையா?"

"போறப்ப விரல் வைக்காதவங்க வேலையே செய்யலேன்னுதானே இப்போ சட்டம்?" என்றாள் வடிகட்டி. "நாளைக்கு ஆஸ்பத்திரிக்காரங்க ஒப்பந்தம் புதுப்பிக்க வர்றாங்க. இன்னிக்கு எத்தனை பேர் வேலை செஞ்சாங்கன்னு அந்தத் திரையிலதான் பாப்பாங்க."

கொதிகலன்காரர் தயங்கினார். "ஒருத்தர் ரெண்டு பேர் விரல் வைக்காமப் போனா கழுத்தைப் பிடிச்சுத் தள்ளிடுவானேம்மா." பிறகு அண்ணியின் முகத்தைப் பார்த்தார். "செஞ்சா எல்லாருமாச் செய்வோம். நாளைக்கு என் கை போனாலும் இதே கதைதானே."

மாலையில் ஒருவர் விடாமல் விரல் பொறியைத் தாண்டி நடந்தார்கள். "விரல், விரல்!" என்று கத்தினான் காவலாளி.

"வீட்லயே வச்சுட்டு வந்துட்டேன்பா" என்றாள் அண்ணி.

மறுநாள் விருந்தாளிகள் முன்னால் முதலாளி பெருமையாகத் திரையைத் திறந்தார். நேற்று வேலை செய்தவர்கள்: பூஜ்யம்.

"ஆளே இல்லாம இவ்வளவு துணியை எப்படி வெளுத்தீங்க?" என்று கேட்டார் ஆஸ்பத்திரி அம்மாள். முதலாளியின் முகம் விளக்கெண்ணெய் குடித்ததுபோல் ஆயிற்று. வடிகட்டிக்கு நெஞ்சு குளிர்ந்தது. இன்னும் நன்றாக விழிக்கட்டும் என்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

முதலாளி அவளை ஓரமாகக் கூப்பிட்டுப் பல்லைக் கடித்தார். "அந்த அல்லதுவைத் திரும்பப் போடு."

"போட்டா எங்க அண்ணனும் வருவாரு."

"அவனை மட்டும் தள்ளி எழுது!"

"அப்படி எழுத எனக்குக் கை வராது சார். நீங்களே எழுதிக்கோங்க, உங்களுக்குத்தான் ரெண்டு கையும் நல்லா இருக்கே."

கீழே இயந்திரங்கள் ஒவ்வொன்றாய் ஓய்ந்தன. படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அண்ணி முன்னால் வர, கூடமே பின்னால் வந்தது. வேலை போகலாம், போலீஸ்கூட வரலாம். எல்லாம் தெரிந்துதான் ஏறினார்கள்.

"வேலை நேரத்துல யாரைக் கேட்டு மேல வந்தீங்க?" என்று கத்தினார் முதலாளி.

"எங்களை எதுக்குத் திட்டறீங்க முதலாளி?" என்றாள் அண்ணி. "நாங்கதான் வேலைக்கே வரலையே!"

வடிகட்டி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, அண்ணியின் பக்கத்தில் போய் நின்றாள்.