கயிற்றின் மறுமுனை

மழைக்காலம் வந்தால் சாம்பல் கட்டி தட்டிவிடும். மின்நிலையத்திலிருந்து லாரியில் சிமென்ட் ஆலைக்கு வந்து, சிமென்ட்டோடு கலக்க வேண்டிய நிலக்கரிச் சாம்பல், இரும்புக் குதிரின் உட்சுவரில் அடையாக அப்பிக்கொண்டு இறங்க மறுத்தது. வெளியே சம்மட்டியால் தட்டித் தட்டிச் சங்பேக்குக் கை ஓய்ந்தது. இனி உள்ளே இறங்கிக் குத்த வேண்டியதுதான். அடை சரிந்தால் ஆளை மூடிவிடும். அதனால் இடுப்பில் கயிறு கட்டி இறங்குவார்கள். மறுமுனையை மேலே ஒருவன் பிடித்திருப்பான். இத்தனை வருஷமும் அந்த ஒருவன் மான்சிக்.

போன வாரம் மான்சிக்கைக் கம்பெனி நிரந்தரமாக்கி நீல ஹெல்மெட் கொடுத்துவிட்டது. தனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவன்! சங்பே இன்னும் ஒப்பந்தக்காரரின் ஆள், மஞ்சள் ஹெல்மெட். வரப்போகும் அறுவடைத் திருநாளுக்கு மான்சிக் வீட்டுக்குக் கம்பெனிப் பரிசாக மாட்டிறைச்சிப் பெட்டி போகும். இவன் வீட்டுக்கு டப்பா மீன்.  மான்சிக் பிரியமாக நீட்டிய அரிசிப் பலகாரத்தைச் சங்பே வாங்கி நாய்க்குப் போட்டான்.

சங்பே கயிற்றோடு நின்ற குதிரின் உச்சிக்கு மான்சிக் இப்போது படியேறி வந்தான்.

"வாங்க சார்! வழி தவறிட்டீங்களா?" என்றான் சங்பே.

"அண்ணே, நீங்க போயி என்னைய சார்ங்கறீங்க."

"பின்னே? உன் பொண்டாட்டிக்குச் சந்தையில கால் தரையிலயே பாவலையாமே!"

மான்சிக் கயிற்றை எடுக்கக் குனிந்தான்.

"அதைத் தொடாதே!" கம்பெனி மேற்பார்வையாளர் மூச்சிரைக்க ஓடி வந்தார். "நம்ம ஆளு ஒப்பந்த ஆளுங்களோட சேர்ந்து வேலை செஞ்சா, நாளைக்கு 'நாங்களும் கம்பெனி ஆளுதான்'னு கோர்ட்டுக்குப் போயிடுவாங்க. தள்ளி நில்லு."

"அப்ப கயித்த யாரு சார் பிடிக்கிறது?" என்றான் மான்சிக்.

"அது ஒப்பந்தக்காரர் பாடு."

சங்பே ஒப்பந்தக்காரருக்குப் போன் போட்டான்.

"ஆளு இல்லப்பா. கம்பியில கட்டிட்டு இறங்கு. முடியாதுன்னா சொல்லு, வேற ஆளப் பாத்துக்கறேன்."

மான்சிக் மெதுவாக, "இறங்காதீங்கண்ணே" என்றான்.

"இறங்கலைன்னா நாளைக்கு எனக்கு வேலையில்ல. உன் ஹெல்மெட்டைக் கழட்டிக் குடுப்பியா?"

மான்சிக்கின் கை தலைக்குப் போனது. பிறகு கீழே இறங்கியது.

"நல்லா நில்லுடா. நிக்கிறதுக்கும் உனக்குச் சம்பளம் உண்டு."

கயிற்றைக் கைப்பிடிக் கம்பியில் முடிந்துவிட்டுச் சங்பே இறங்கினான். உள்ளே இருட்டு. சாம்பல் முழங்காலைத் தொட்டதும், பழக்கத்தில் கயிற்றை இரண்டு முறை சுண்டினான். பத்திரமாக இறங்கிவிட்டேன் என்று அர்த்தம். மேலே இருப்பவனும் பதிலுக்குச் சுண்டுவான்.

சற்று நேரம் காத்திருந்தான். கயிறு அசையாமல் தொங்கியது. கடப்பாரையை எடுத்து, தலைக்கு மேல் இருந்த அடையைக் குத்தத் தொடங்கினான்.