கோபுரத்துல ஊத வேண்டிய உதடு

மேகலாக்கா, வேலூர் ஆஸ்பத்திரில நைட் டூட்டில இருப்ப. முடிச்சிட்டு இந்த வாய்ஸ் மெசேஜ கேளு. அம்மா பக்கத்துல தூங்குது, அதான் மெதுவா பேசறேன். 'ப', 'ம' சரியா வராது. மேலுதடு மரத்துப் போச்சு.

விடிஞ்சா ஈஸ்டர். எங்க ஆம்பூர் சர்ச்ல எப்டின்னு உனக்கே தெரியும். எல்லாரும் மெழுகுவத்திய ஏத்தாம இருட்டுல வெளிய நிப்பாங்க. ஃபர்ஸ்ட் டிரம்பெட் மட்டும் தனியா கோபுரத்துல ஏறி ஈஸ்டர் பாட்டோட மொத வரிய ஊதணும். அது கேட்டப்புறம்தான் கீழ பேண்டு சேரும், மெழுகுவத்தி ஏத்துவாங்க. ஊதலன்னா எல்லாரும் இருட்டுலயே நிக்க வேண்டியதுதான்.

ஃபர்ஸ்ட் டிரம்பெட் ஊதினு இருந்த கோபியண்ணன் பெங்களூருக்கு வேலைக்குப் போய்ட்டாரு. பேண்டு மாஸ்டர் ரத்தினசாமி அந்த எடத்துல என்னைய போட்டாரு. ஜீவா எனக்கு சீனியர், அவன போடல. அன்னிலேந்து ஓட்டிக்கினே இருக்கான். "இன்னா பிரிசில்லா, மேலேர்ந்து வுழுந்தா பெரிய டிரம் மேல வுழு, தாளமாவது வரும்"ன்றான்.

அந்த வரி கடைசில ரொம்ப மேல போவும். "காத்த வேகமா தள்ளு, மவுத்பீஸ உதட்டு மேல அமுக்காத. அமுக்குனா சத்தம் வரும், உதடு போய்டும்"னு மாஸ்டர் சொல்லிக்கினேதான் இருந்தாரு. நான் மொட்ட மாடில தனியா அமுக்குனேன்க்கா. வந்துச்சு. சுத்தமா வந்துச்சு. தோல் குடோன் செவுத்துல மோதி எனக்கே திரும்பி வந்துச்சு. அப்புறம் எப்டி வுடுவேன்?

உதடு வீங்கிப் போச்சு. மவுத்பீஸ் வட்டம் செவப்பா பதிஞ்சிருந்துச்சு. தொட்டாலே உயிர் போற வலி. அம்மா பல்வலிக்கு வாங்கி வெச்ச ஜெல்லு இருந்துச்சு, அத எடுத்து தடவிக்கினேன். வலி சுத்தமா இல்ல. வலி இல்லன்னா சரியாய்டுச்சுன்னு நெனச்சி, இன்னும் ஜாஸ்தி அமுக்கி ஊதுனேன். திடீர்னு உள்ள எதுவோ சுருக்னு இழுத்துச்சு. அதோட சரி. ஊதுனா வெறும் காத்துதான் வருது. ஜெல்ல அன்னிக்கே நிறுத்திட்டேன். மரப்பு மட்டும் போகல.

நேத்து சர்ச் ஹால்ல கடைசி ரிகர்சல். யார்கிட்டயும் சொல்லல. வாய்ல வெச்சினு வால்வ மட்டும் அமுக்கினு உக்காந்திருந்தேன். ஊதாம நடுவுல உக்காந்து கேட்டது அதான் மொத வாட்டி. அடில யூஃபோனியத்தோட கனத்த சத்தம் தரைய புடிச்சிக்கினு போவுது, அதுக்கு மேல டிராம்போன் சத்தம் சாயுது, ஜன்னல் கண்ணாடி லேசா அதிருது. அவ்ளோ நல்லாருந்துச்சுக்கா. நான் இல்லாத எடம் தெரியவே இல்ல. மாஸ்டர் கண்ண மூடிக்கினு தலையாட்டுனாரு.

ஜீவா மட்டும் கண்டுபுடிச்சிட்டான். எல்லாரும் டிரம்பெட்ட சாச்சி, ஊதி ஊதி உள்ள சேந்த தண்ணிய தட்டுனாங்க. என்னுதுல ஒரு சொட்டு வரல.

"பிரிசில்லா, இன்னாடி, நீ ஊதவே இல்ல?"

"சும்மா இரு."

கொஞ்ச நேரம் முன்ன நானே அவனுக்கு போன் பண்ணி எல்லாத்தையும் சொன்னேன். நீயே மேல ஏறுன்னேன்.

"அவ்ளோ மேல எனக்கு வராது. சுருதிய கீழ எறக்கி ஊதறேன்."

"எப்டியாவது ஊது. ஜனங்க நிப்பாங்க."

"மாஸ்டர்கிட்ட?"

"காலைல சொல்லிக்கறேன்."

"என் டிரம்பெட்டுல வால்வு மாட்டிக்குது. உன்கிட்ட இருக்கற சர்ச் டிரம்பெட்டுதான் வேணும். விடியறதுக்குள்ள வந்து வாங்கிக்கறேன். அது ஃபர்ஸ்ட் வாசிக்கறவங்களுக்குதானே?"

"ஆமா"ன்னேன்.

கிண்டல் பண்ணுவான்னு பாத்தேன். பண்ணவே இல்ல. "டாக்டர்கிட்ட போ"ன்னு மட்டும் சொல்லி வெச்சிட்டான். அதுக்கப்புறம்தான் எனக்கு ஜாஸ்தி பயமாய்டுச்சு.

ஸ்கூல்ல நான் ஒண்ணும் பெரிய ஆளு இல்ல. ஷூ கம்பெனிலேர்ந்து வர்ற பொம்பளைங்க ரோட்டுல பாத்தா "டிரம்பெட் பொண்ணு"ம்பாங்க. அது ஒண்ணுதான் எனக்கு இருந்துச்சு.

நீ நர்சு, உனக்குத் தெரியும். இந்த மாதிரி உதட்டுல உணர்ச்சி போனா திரும்ப வருமா? என்னைய சமாதானப்படுத்தறதுக்கு எதுவும் சொல்லாதக்கா. வராதுன்னா வராதுன்னே சொல்லு.

கேட் சத்தம் கேக்குது. ஜீவாதான். டிரம்பெட்ட தொடச்சி பொட்டில வெச்சிட்டேன். போய் குடுத்துட்டு வர்றேன்.