இடது கையில் ஒரு பருக்கை

வந்ததும் வராததுமாக மருமகன் போர்வையைக் கால்மாட்டில் தூக்கிப் பிடித்து அத்தையின் குதிகாலைப் பார்த்தான். பின்னால் நின்ற முதியோர் இல்லத்து மேனேஜர் திடுக்கிட்டுப் போனார். இறந்துபோன மாமியாரின் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்காமல் காலைப் பார்க்கிற மருமகனை அவர் தன் சர்வீசில் கண்டதில்லை போலிருக்கிறது.

"என்ன சார் தேடுறீங்க?"

"ஒண்ணுமில்ல."

ஒன்றுமில்லாமல் என்ன! படுக்கையோடு கிடப்பவர்களை வேளாவேளைக்குத் திருப்பிப் போடாவிட்டால் முதலில் புண் வருகிற இடம் குதிகால். அவனுக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததே அத்தைதான். குதிகால் சுத்தமாக இருந்தது. நகங்கள் ஒட்ட வெட்டியிருந்தன. கட்டிலை ஒட்டிய மேஜையில், கை எட்டுகிற தூரத்தில், தண்ணீர் டம்ளர் இருந்தது. போர்வையை இழுத்து மூடினான்.

"ரொம்ப அமைதியாப் போயிட்டாங்க சார். மத்தியானம் ரெண்டரை இருக்கும். தூக்கத்துலயே" என்றார் மேனேஜர்.

அவன் சட்டென்று மேனேஜரைத் திரும்பிப் பார்த்தான்.

அத்தை முப்பத்தொரு வருஷம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். கடைசிப் பத்து வருஷம் ஒரு வார்டு முழுக்க அவள் பொறுப்பு. ஒருநாள் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது சொன்னாள்: "தூக்கத்துலயே போயிட்டாங்கன்னு நாங்க வீட்டுக்காரங்ககிட்டச் சொல்லுவோம் மாப்பிள்ளை. அதுக்கு என்ன அர்த்தம் தெரியுமா? அந்த நேரத்துல பக்கத்துல யாரும் இல்லைன்னு அர்த்தம்." சொல்லிவிட்டு டீயை ஊதிக் குடித்தாள். அன்று அவனுடைய மனைவியும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

இப்போது மனைவி ரயிலில் வந்துகொண்டிருக்கிறாள். வந்து சேர இன்னும் ஒன்றரை மணி நேரமாகும். வந்ததும் என்ன கேட்பாள் என்று அவனுக்குத் தெரியும்.

அத்தைக்கு இடுப்பெலும்பு முறிந்தது போன வருஷம். அவன் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் இருக்கிற மாடிக்கெல்லாம் லிஃப்ட் ஓட வைக்கிறவன், குடியிருப்பதோ லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி. "நல்ல மாப்பிள்ளையாத்தான் பிடிச்சிருக்கேன்" என்று அத்தை போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் வேலைக்குப் போனால் பகலெல்லாம் அவள் தனிதான். இரண்டு தடவை பாத்ரூமில் விழுந்தாள். இரண்டாவது தடவை சாயந்தரம் அவன் வந்து கதவைத் திறக்கிற வரைக்கும் ஈரத் தரையில் கிடந்தாள். மறுநாள் அவளே கூப்பிட்டுச் சொன்னாள், "நல்ல இல்லமாப் பாருங்க மாப்பிள்ளை. நான் போயிடுறேன்."

மனைவி ஒரு வாரம் அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் ஒத்துக்கொண்டபோதும், "சரி, பாருங்க. ஆனா ஒண்ணு. எங்கம்மா அங்க யாருமில்லாம தனியாப் போயிட்டான்னு வைங்க, உங்களை ஜென்மத்துக்கும் மன்னிக்க மாட்டேன்" என்றாள். அவள் சும்மா மிரட்டுகிற ஜாதி இல்லை.

இல்லம் பார்க்கிற படலம் இரண்டு மாதம் நடந்தது. சக்கர நாற்காலியில் அத்தை, தள்ளிக்கொண்டு அவன். சொல்லிவிட்டுப் போகவே கூடாது என்பது அத்தையின் முதல் சட்டம். போகிற நேரம் மத்தியானம் இரண்டுக்கு மேல். பகல் ஆட்கள் கிளம்பி, அடுத்த ஆட்கள் வருகிற அந்த ஒரு மணி நேரத்தில்தான் ஒரு இடத்தின் வண்டவாளம் தெரியும் என்பாள். ஆபீஸ் ரூமில் உட்கார மாட்டாள், நேராகக் கழிவறை. வாசலிலேயே மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, "திருப்புங்க வண்டியை" என்றால் அந்த இடம் அவ்வளவுதான். அங்கே இருக்கிறவர்களின் கால் நகத்தைப் பார்ப்பாள். "முகத்தை எல்லாரும் துடைச்சு வைப்பாங்க மாப்பிள்ளை, நகம் யாரு வெட்டுறா?" எது கேட்பதென்றாலும் மேனேஜரைக் கேட்க மாட்டாள். தரை துடைக்கிறவர்களைத்தான் கேட்பாள்.

ஒரு இடத்தில் வாசலிலேயே ஆளுயர மீன் தொட்டி. அங்கிருந்தவர் அதைப் பற்றியே பத்து நிமிஷம் பேசினார். அத்தை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மீனை நல்லா வெச்சிருக்கீங்க. மனுஷங்க எங்க இருக்காங்க?" என்றாள். இன்னொரு இடத்தில் பின்வாசலை மறித்துப் பழைய கட்டில்களை அடுக்கி, கதவுக்குச் சங்கிலியும் போட்டிருந்தார்கள்.

"தீப்பிடிச்சா இவங்களை எந்த வழியா இறக்குவீங்க?"

"அப்படியெல்லாம் ஒண்ணும் ஆகாதும்மா."

"அப்ப எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

வெளியே வந்து வேனில் ஏறுகிற வரைக்கும் அவனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அந்த இரண்டு மாதமும் அவன் சந்தோஷமாக இருந்தான் என்பதுதான் உண்மை. வெளியே சொன்னால் யாராவது தப்பாக எடுத்துக்கொள்வார்கள்.

ஏழாவதாகப் பார்த்தது இந்த இடம். சுவரில் பெயின்ட் உரிந்திருந்தது. மீன் தொட்டி கிடையாது. அத்தை அவன் தோளைப் பிடித்துக்கொண்டு ஒரு காலிக் கட்டிலில் ஏறிப் படுத்து, மணியை அழுத்திவிட்டு எண்ண ஆரம்பித்தாள். அறுபதுக்குள் ஆள் வந்தால் பாஸ். மற்ற இடங்களில் இருநூறு முந்நூறு என்று போனதுண்டு. இங்கே முப்பத்தைந்தில் ஒரு ஆயா மூச்சிரைக்க வந்து நின்றாள்.

"யாரும்மா நீங்க? காலிக் கட்டில்ல எதுக்குப் படுத்திருக்கீங்க?" என்று அதட்டிவிட்டு, அடுத்த மூச்சிலேயே, "சரி, என்ன வேணும்? தண்ணி தரட்டா?" என்றாள்.

"ஒண்ணும் வேணாம். இங்கயே இருந்துடலாமான்னு பாக்குறேன்" என்றாள் அத்தை.

வந்து சேர்ந்த பிறகாவது சும்மா இருந்தாளா? தினம் நாலு தடவை, ஐந்து தடவை மணியை அழுத்தி எண்ணுவாள். வருகிறவர்களின் கையை நீட்டச் சொல்லிக் கழுவியிருக்கிறார்களா என்று பார்ப்பாள். இல்லத்தில் எல்லாரும் இன்ஸ்பெக்டரம்மா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். மூன்றாம் மாதம் மேனேஜரே போன் செய்தார். "கொஞ்சம் சொல்லி வைங்க சார். ஒருநாள் நிஜமாவே தேவைப்படும்போது, சும்மாதான் அடிக்கிறாங்கன்னு யாரும் போகாம இருந்துடப் போறாங்க."

அவன் வந்து சொன்னான்.

"வரலேன்னா இந்த இடம் ஃபெயில்" என்றாள் அத்தை.

"அதைத் தெரிஞ்சுக்க நீங்க இருக்கணுமே அத்தை."

"நான் எதுக்கு? அதான் நீங்க இருக்கீங்களே. வந்து நல்லாப் பாருங்க. இத்தனை நாள் எதுக்கு உங்களைக் கூடவே கூட்டிட்டு அலைஞ்சேன்?"

இப்போது வந்திருக்கிறான், பார்த்துக்கொண்டிருக்கிறான். மணியின் பொத்தான் அத்தையின் வலது உள்ளங்கையிலேயே இருந்தது. அப்படியென்றால் அழுத்தியிருக்கிறாள். இடது கை போர்வைக்கு வெளியே கிடந்தது. அதன் புறங்கையில், கட்டை விரலுக்குக் கீழே, ஒரு சோற்றுப் பருக்கை காய்ந்து ஒட்டியிருந்தது. பக்கத்தில் மஞ்சளாகக் குழம்புத் தீற்றல்.

அவனுக்குச் சுர்ரென்று ஏறியது. பன்னிரண்டு மணிக்கே சாப்பாடு கொடுத்துவிடுவார்கள். கொடுத்து இரண்டரை மணி நேரம் கையைக்கூடத் துடைத்துவிட ஆள் வரவில்லையா? இந்தக் கையோடு கிடந்துதான் மணியை அழுத்திக்கொண்டிருந்தாளா? ஊரார் கையையெல்லாம் நீட்டச் சொல்லிப் பார்த்தவளாயிற்றே!

போன் அடித்தது. மனைவி.

"பாத்தீங்களா?"

"ம்."

"எப்படின்னு சொன்னாங்களா? தூக்கத்துலயேன்னா?"

"நீ முதல்ல வா" என்று வைத்துவிட்டான்.

மேனேஜரிடம் சண்டைக்குப் போகத்தான் திரும்பினான். போகவில்லை. நடையில் ஒரு அம்மாள் தரை துடைத்துக்கொண்டிருந்தாள். அவளிடம் போய் நின்றான்.

"அக்கா, மத்தியானம் எங்கத்தை மணி அடிச்சாங்களா?"

அந்த அம்மாள் துடைப்பானை நிறுத்தினாள். "அடிச்சாங்களே. ரெண்டேகால் இருக்கும்."

"யாராவது போனாங்களா?"

"இதென்ன கேள்வி? தட்டைப் போட்டுட்டு ஓடுனாளே ஆயா! கத்துறாளேன்னு நானும் பின்னாடியே போனேன். டாக்டருக்கு போன் போட்டதே நான்தான்."

"தூக்கத்துல போயிட்டாங்கன்னு மேனேஜர் சொன்னாரே."

"அவரு அப்ப எங்க இருந்தாரு? அவரு எல்லாரையும் அப்படித்தான் சொல்லுவாரு" என்று சொல்லி, நடையின் கோடியைக் காட்டினாள். "அந்தா நிக்கிறா பாருங்க, போய்க் கேளுங்க. வந்ததுலேருந்து உங்களைப் பாத்துப் பயந்துட்டு நிக்கிறா."

அதே ஆயாதான். முப்பத்தைந்தில் மூச்சிரைக்க வந்தவள். அவனைக் கண்டதும் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"சார், தப்புதான் சார். டாக்டர் வர்ற வரைக்கும் எதையும் தொடாதேன்னுட்டாங்க. அதான் துடைக்கல."

"முதல்லேருந்து சொல்லும்மா."

"சாப்பிட்டுட்டு இருந்தேன். மணி அடிச்சுது. வழக்கமா இந்த நேரத்துல அடிக்கிறதுதானேன்னு ஒரு வாய் சாப்பிட்டேன். அப்புறம் மனசு கேக்கல, ஓடினேன். போய் நின்னதும் 'நாப்பத்தொண்ணு'ன்னாங்க. குரலே இல்ல. என் கையைப் பாத்தாங்க. சோத்துக் கை சார். 'சும்மாதான் அடிச்சேன், போய்ச் சாப்பிடு'ன்னாங்க. சரின்னு திரும்பிட்டேன். ஆனா அவங்க என் கையைக் கழுவச் சொல்லலியே! என்னைக்கும் சொல்லுவாங்களேன்னு திரும்பி வந்து பாத்தா, உதடெல்லாம் ஒரு மாதிரி ஆயிட்டுது. கழுவுறதுக்கு எங்க நேரம்? அப்படியே கையைப் பிடிச்சுட்டேன். கத்தினேன். அவங்களும் இறுக்கிப் பிடிச்சாங்க சார். எடுக்கலாம்னாலும் விடல." அவள் முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டாள். "கழுவாத கையோட தொட்டுட்டேன். எவ்வளவு சுத்தம் பாப்பாங்க அவங்க."

ஏதாவது நல்லதாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று நினைத்தான். "நாப்பத்தொண்ணு பாஸ்தான்" என்று மட்டும் சொன்னான். ஆயா புரியாமல் பார்த்தாள்.

டாக்டர் வந்து பார்த்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போனபோது மணி ஐந்தாகிவிட்டது. அதற்குப் பிறகுதான் மனைவி வந்தாள். அழுதுகொண்டு வரவில்லை. பையைக் கீழே வைத்தாள், அம்மாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், துடைக்கிற அம்மாள் கொண்டுவந்து வைத்த பேசினில் துணியை நனைத்துப் பிழிந்தாள். முகம், கழுத்து, வலது கை. விரல்களைப் பிரித்துப் பொத்தானை எடுத்துத் தலையணைக்கு மேல் வைத்தாள். கட்டிலைச் சுற்றி இடது பக்கம் வந்தவள் அப்படியே நின்றாள்.

"என்னங்க இது?" குரல் கெட்டிப்பட்டிருந்தது. "கையைக்கூடத் துடைச்சு விடலியா? இதைத்தானே நான் அன்னைக்கே சொன்னேன்?"

அவன் சொன்னான். ஆயா சொன்னதை அவள் சொன்ன மாதிரியே சொன்னான். ஒரு வாய் சாப்பிட்டதையும் விடவில்லை, நாற்பத்தொன்றையும் விடவில்லை. சொல்லி முடிக்கிற வரைக்கும் மனைவி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். துணியிலிருந்து தண்ணீர் சொட்டித் தரையில் விழுந்தது.

பிறகு அவள் குனிந்து கால்களைத் துடைத்தாள், குதிகால், விரலிடுக்கு எல்லாம். துணியைப் பேசினில் போட்டாள். கதவருகில் நின்றிருந்த ஆயாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"பாதிச் சாப்பாட்டுல எழுந்து வந்தியாமே. போய்ச் சாப்பிடும்மா."

ஆயா போகவில்லை. மனைவி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அம்மாவின் இடது கையை, பருக்கை உதிராமல், மெதுவாகத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.