மருதாணிக்கு அடியில்

என் தங்கை முத்து பீவிக்குக் காய்ச்சல் அடித்தபோது, பெண்ணுக்கு மசக்கையாக்கும் என்று தெருவே சிரித்தது. கல்யாணம் முடிந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. மாப்பிள்ளை ஹாமிதுக்குக் கல்கத்தாவில் ரத்தினக்கல் வியாபாரம். நிக்காஹுக்காக வந்து, எங்கள் காயல்பட்டினத்து வழக்கப்படி பெண் வீட்டிலேயே தங்கி, இரண்டு வாரத்தில் மறுபடி கல்கத்தாவுக்கு ரயில் ஏறிவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மசக்கைக்காரிக்கு இடுப்பு முறிகிற வலியும் தலையைத் தூக்க முடியாத சூடும் எதற்கு என்று கேட்டேன். உனக்கு எதிலும் குறை கண்டுபிடிக்கத்தான் தெரியும் என்று உம்மா என் வாயை அடைத்தாள்.

அதற்கு அடுத்த நாள் அவள் நெற்றியில் சிவப்பாகப் பொரி கிளம்பியது. சாயங்காலத்துக்குள் முகமெல்லாம் நீர் கோத்துக்கொண்டது. உம்மா பார்த்தாள், பக்கத்தில் நின்ற என்னை அறைக்கு வெளியே தள்ளினாள். வைசூரி என்று அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. அந்த வருஷம், எழுபத்து நாலில், பீகாரிலும் வங்காளத்திலும் பெரியம்மையில் ஆட்கள் சாவதை ரேடியோ தினமும் சொல்லிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டு மாப்பிள்ளை வந்ததும் அங்கிருந்துதான். மிரட்டிக் கேட்டதில், வந்த புதிதில் அவர் முதுகில் நாலைந்து கொப்புளம் இருந்தது என்று முத்து அழுதுகொண்டே சொன்னாள். புதுப்பெண் வெட்கத்தில் இதைப் போய் மறைத்திருக்கிறாள். வந்த ஆத்திரத்துக்கு அவளை அறைந்திருப்பேன், அறைய முகத்தில் இடமில்லை.

எனக்கு என் பயம் வேறு. என் மகன் காஜா முஹ்யித்தீனுக்கு அப்போது எட்டு மாதம். அவனுக்கு அவன் சாச்சிமா முத்துவின் மடிதான் மெத்தை. முந்தின நாள் மத்தியானம்வரை அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு தூங்கியிருக்கிறான். வீட்டில் எங்கள் எல்லோர் கையிலும் அம்மை குத்திய தழும்பு இருந்தது, அவன் கையில் மட்டும் இல்லை. பிறந்த இரண்டாம் மாதத்திலிருந்தே அவனுக்குக் கரப்பான். முழங்கை மடிப்பு, கழுத்து, கன்னம் எல்லாம் வெடித்து நீர் வடியும். அம்மை குத்துகிறவர் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டு, இந்த உடம்பில் குத்தக்கூடாது, ஆறட்டும் என்று போய்விட்டார். அவன் வாப்பா ஹாங்காங்கில். கடிதம் போய்ச் சேர்வதற்குள் இங்கே எல்லாம் முடிந்துவிடும்.

தூத்துக்குடியிலிருந்து டாக்டர் ரோச் வந்தார். துறைமுகத்தில் கப்பலாட்களுக்குத் தொற்றுநோய் பார்க்கிறவர். கூட வர வேண்டிய நர்ஸ், பெரியம்மை என்ற பேச்சைக் கேட்டதும் லீவு போட்டுவிட்டாளாம். அந்நிய ஆம்பளை பெண் பிள்ளையைத் தொடப்படாது என்று உம்மா ஒரே பிடி. நான் சண்டை போட்டதில், நடுவில் திரை கட்டி, அதற்கு வெளியே கையையும் காலையும் மட்டும் நீட்டலாம் என்ற அளவுக்கு இறங்கி வந்தாள். உயிர் போகிற நேரத்திலும் எங்கள் வீட்டில் பேரம்தான்.

முத்து கைகளை நீட்டினாள். டாக்டர் பார்த்துவிட்டு உச்சுக்கொட்டினார். புதுப்பெண்ணின் கை வெறுமையாக இருக்கக்கூடாது என்று வாரம் தவறாமல் உம்மா மருதாணி அப்பியிருந்தாள். உள்ளங்கை, உள்ளங்கால் எல்லாம் ஒரே செக்கச்சிவப்பு. அதில் பொரியைத் தேடுவது எப்படி? சின்னம்மை என்றால் நெஞ்சிலும் முதுகிலும் கொட்டும், உள்ளங்கைப் பக்கம் அதிகம் வராது, ஒன்று காய்கிறபோதே பக்கத்தில் இன்னொன்று முளைக்கும். பெரியம்மை என்றால் முகத்திலும் கைகாலிலும்தான் கூட்டம், உள்ளங்கையையும் விடாது, எல்லாம் ஒரே பருவத்தில் நிற்கும். இதையெல்லாம் திரைக்கு அந்தப் பக்கம் இருந்து எனக்குச் சொன்னார். சின்ன வயதில் அம்மை குத்திக்கொண்டவர்களுக்குப் பெரியம்மை வந்தால் இந்த அடையாளமெல்லாம் மாறிப்போகும் என்றும் சொன்னார். பிறகு, கண்ணால் தெரியாததை விரலால் பார்க்கச் சொன்னார்.

"உள்ளங்கையைப் பெருவிரலால அழுத்தித் தடவுங்கம்மா. தோலுக்கு அடியில பயறு மாதிரி கெட்டியா ஏதும் உருளுதா?"

தடவினேன். மருதாணி வாசனையும் காய்ச்சல் வாசனையும் சேர்ந்து மூக்கில் ஏறியது. முதலில் ஒன்றும் இல்லை. சுண்டுவிரலுக்குக் கீழே ஒன்று நெருடியது. நகர்ந்தேன், இன்னொன்று. இடது கையில் இரண்டு. யா ரப்பே. இல்லை என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது உண்மைதான். ஆனால் இல்லை என்றால் இல்லாமல் போய்விடுமா? இருக்கிறது என்று சொன்னேன்.

திரைக்கு அந்தப் பக்கம் டாக்டர் தன் பையைத் திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு ஒரு சின்னக் கத்தியும் கண்ணாடித் தகடுகளும் திரைக்குக் கீழே வந்தன. கொப்புளத்தின் மேல்தோலை நீக்கி, அடியைச் சுரண்டித் தகட்டில் தடவ வேண்டும். நான்தான் செய்தேன். முத்து பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். என் கை தவறி ஒரு தகடு உடைந்தது. மிச்சத்தைப் பெட்டியில் வைத்து அரக்கு ஒட்டி, ஆள் மூலம் மெட்ராஸ் ரயிலுக்கு அனுப்பினார். அங்கே ஆய்வுக்கூடத்தில் பார்த்துத் தந்தி கொடுப்பார்களாம். கையைத் தோல் எரிகிறவரை டெட்டாலில் கழுவினேன். கழுவிய பிறகும் பிள்ளையைத் தொட மனம் வரவில்லை. அவன் பசியில் கத்திக்கொண்டிருந்தான்.

டாக்டர் அவனைக் காட்டச் சொன்னார். கரப்பானைப் பார்த்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் சொன்னது இதுதான். தங்கைக்கு வந்திருப்பது பெரியம்மை என்றால், பிள்ளைக்கு இன்றைக்கே அம்மை குத்தியாக வேண்டும். தந்தி வரட்டும் என்று காத்திருந்தால் காலம் கடந்துவிடும், இந்த வயதில் அது வந்தால் பிழைப்பது அபூர்வம். பெரியம்மை இல்லையென்றால் குத்தவே கூடாது. குத்துகிற மருந்திலும் உயிருள்ள கிருமிதான் இருக்கிறது. கரப்பான் உடம்பில் அது குத்திய இடத்தோடு நிற்காமல் மேலெல்லாம் பரவிவிடலாம். அதிலும் பிள்ளைகள் இறந்திருக்கிறார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷம் படித்துவிட்டு, குத்தினாலும் சாவான், குத்தாவிட்டாலும் சாவான் என்று சொல்லத்தான் தூத்துக்குடியிலிருந்து பஸ் ஏறி வந்தீர்களா என்று கேட்டேன். உம்மா என் கையைக் கிள்ளினாள். அவர் கோபப்படவில்லை.

"படிச்சது இவ்வளவுதாம்மா. பெரியம்மைன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். இல்லேன்னும் பண்ண மாட்டேன். பெத்தவ நீங்க சொல்லணும்."

யாரைக் கேட்பேன்? உம்மா துஆ ஓதினாள். முத்து, என்னால்தானே என்று உள்ளே அழுதாள். என் பெருவிரலில் அந்தப் பயறுகள் இன்னும் உருண்டுகொண்டிருந்தன. குத்துங்கள் என்றேன். இரண்டாகப் பிளந்த நுனியுள்ள ஊசியை மருந்தில் தோய்த்து, பிள்ளையின் தோளில் ஆறாத புண் இல்லாத ஒரு காசளவு இடத்தைத் தேடிக் குத்தினார். காஜா வீறிட்டான். பிறகு அவருடைய மூக்குக்கண்ணாடியைப் பிடிக்கப் பார்த்தான்.

வாசலில் ஒரு ஆளைக் காவல் போட்டார்கள். எந்தப் பிரயோசனமும் இல்லை, எங்கள் ஊரில் பெண்கள் வாசல் வழியாகவா நடக்கிறோம்? வீடுகளுக்குப் பின்னால் பெண்களுக்கென்றே முடுக்குச் சந்து இருக்கிறது. ஆனால் காவல் போடாமலேயே அந்த முடுக்கும் வெறிச்சோடியது. தினம் பத்துப் பேர் வந்து போகிற வீட்டில் ஒரு குடம் தண்ணீர் கொடுக்க நாதியில்லை.

மெட்ராஸ் தந்தி வந்த அன்று டாக்டரே கொண்டுவந்தார். பெரியம்மை இல்லை, சின்னம்மை. உம்மா அங்கேயே நெற்றி தரையில் பட சஜ்தாவில் விழுந்தாள். ஒரு மணி நேரத்தில் முடுக்கு நிறைய ஆள். இனிப்புக்கு வட்டிலப்பத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், எங்களுக்குத் தெரியும் ராஹிலா, அல்லாஹ் கைவிட மாட்டான் என்றார்கள். தெரிந்தவர்கள் நேற்று எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்விட்டேன். பெரியம்மை இல்லை என்றதும் ஊருக்குப் பயம் விட்டது. எனக்கு அப்போதுதான் தொடங்கியது, பிள்ளைக்குக் குத்தியாகிவிட்டதே. உள்ளங்கையில் நெருடியதே, அது என்ன என்று டாக்டரைக் கேட்டேன். சின்னம்மையும் அபூர்வமாக அங்கே வரும் என்றார். அந்த அபூர்வம் என் தங்கையின் கையைத் தேடி வந்திருக்கிறது.

நாளெல்லாம் அவனை அவிழ்த்துப் பார்ப்பதும் உடுத்துவதும்தான் என் வேலை. தோளில் குத்திய இடம் தடித்தது, நீர் கோத்தது, நடுவில் குழி விழுந்தது. அது முறைதான், வரவேண்டியதுதான் என்றார் டாக்டர். ஒரு வாரம் கழித்துக் குளிப்பாட்டும்போது அவன் முழங்கை மடிப்பில் அதே மாதிரி குழி விழுந்த கொப்புளம் ஒன்றைப் பார்த்தேன். பிறகு கழுத்தில். மறுநாள் கன்னம் முழுக்க. கண் இமைகள் வீங்கி ஒட்டிக்கொண்டன. உடம்பு அனலாகக் கொதித்தது. இதற்கென்று ஒரு ஊசி மருந்து உண்டு என்றும், மெட்ராஸில் கேட்டதில் கைவசம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள் என்றும் டாக்டர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். இந்த நோயும் தொற்றும், வேறு கைக்குழந்தைகளை அண்டவிடாதீர்கள் என்றார். அண்ட யார் இருந்தார்கள்? வட்டிலப்பம் கொண்டுவந்தவர்களில் ஒருத்திகூட மறுபடி வரவில்லை.

அவர் தினமும் வந்தார். முன்கட்டில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார், புண்ணைச் சுத்தம் செய்யச் சொல்லித் தருவார், போவார். அவரைப் பார்க்கப் பார்க்க வெறுப்பாக வந்தது. குத்தச் சொன்னது என் வாய்தான் என்பதால் அந்த வெறுப்பு இன்னும் அதிகமானது.

பிள்ளை பால் குடிப்பதை நிறுத்தினான். உதட்டிலும் வாய்க்குள்ளும் புண். சங்கில் புகட்டினால் கடைவாயில் வழிந்தது. என் மார்பு கல்லாகக் கட்டி வலித்தது. அழுவதையும் விட்டுவிட்டான். அழாத பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இருப்பது எப்படிப்பட்டது என்று யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடியாது. மூக்கருகே விரலை வைத்து வைத்துப் பார்ப்பேன். உம்மா யாசீன் ஓத ஆரம்பித்தாள். சாகிற வீட்டு ஓதலை என் காதில் போடாதே என்று கத்தினேன்.

அன்று மத்தியான லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடித்திருந்தார்கள். டாக்டர் முன்கட்டில் இருந்தார். வலி பொறுக்காமல், பீச்சிக் கொட்டுவதற்கு அவன் உதட்டிலாவது நாலு சொட்டு விழட்டும் என்று மார்பை அவன் பக்கம் திருப்பினேன். அவன் வாய் தானாகத் திறந்தது. ஈறு பட்டது. கீழே முளைத்திருந்த இரண்டு பல்லும் சுருக்கென்று இறங்கின.

நான் அலறிய அலறல் முடுக்குக் கோடிவரை கேட்டதாம். உம்மா, சாவுக்குச் சொல்கிற "இன்னா லில்லாஹி" என்று தொடங்கிவிட்டாள். முத்து சுவரைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். முன்கட்டில் பெஞ்சு தடாலென்று சாய்ந்தது. அறைக் கதவுக்கு வெளியே அவர் மூச்சு வாங்குவது கேட்டது. அம்மா, என்றார்.

"கடிச்சுப்புட்டான், டாக்டர்," என்றேன். "என்னைய கடிச்சுப்புட்டான். குடிக்கான்."