ஐம்பத்துமூன்றாம் வாரம்

1

முதலில் ஒரு வாக்குமூலம். இது கதையாகப் பிறக்கவில்லை. ஒரு பத்திரிகை என்னிடம் கட்டுரை கேட்டது: குடும்பப் பொறுப்புகளுக்கு நடுவே காலைப் பொழுதைப் பயனுள்ளதாக்கப் பத்து வழிகள். ஒரு மணி நேர வேலை என்று நினைத்து உட்கார்ந்தேன். முதல் வழி, சீக்கிரம் எழுந்திருங்கள். இரண்டாவது, எழுந்ததும் கைப்பேசியைத் தொடாதீர்கள். மூன்றாவது, வீட்டில் இருப்பவர்களின் ஒத்துழைப்பைக் கேட்டுப் பெறுங்கள்.

மூன்றாவதில் கை நின்றுவிட்டது. கேட்டால் கொடுத்துவிடுவார்களே, அப்புறம் என்ன செய்வது என்று ஒரு சந்தேகம். சந்தேகத்துக்கு ஒரு ஆளும் ஒரு ஊரும் தேவைப்பட்டன. கட்டுரை போய்ச் சேரவில்லை. பத்திரிகைக்காரர்கள் இன்னும் காத்திருக்கிறார்கள் என்று எழுத ஆசைதான். அவர்கள் வேறொருவரிடம் வாங்கிப் போட்டுவிட்டார்கள். பதினோரு வழிகள்.

2

முதல் தொடக்கம்: "வடக்கு ஸ்வீடனின் லூலியோ நகரில், ஜன்னலுக்கு வெளியே பனி மௌனமாகப்—"

வேண்டாம். லூலியோவில் பனி மௌனமாகப் பெய்து என்ன பயன். பெய்த கையோடு அதை வாரும் வண்டி வந்து தெருவையே எழுப்பிவிடுகிறது.

இரண்டாம் தொடக்கம்: "தனிமை என்பது—"

இதையும் விட்டுவிடுவோம். இப்படித் தொடங்கும் வாக்கியம் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிடும். பிறகு எழுந்து போகாது.

மூன்றாம் தொடக்கம்: "ஹோகன் ஐந்து மணிக்கு எழுந்தான்." இது போதும்.

ஹோகனுக்கு வயது நாற்பத்தாறு. நகரப் பேருந்துகளுக்கு நேர அட்டவணை போடும் வேலை. மனைவி மாலினும் அவனும் பிரிந்து நாலு வருஷம் ஆகிறது. ஒரே மகள் இல்வாவுக்குப் பதினொன்று. ஒப்பந்தத்தில் ஒரே ஒரு வரிதான்: இரட்டைப்படை வாரங்களில் இல்வா அப்பாவிடம், ஒற்றைப்படை வாரங்களில் அம்மாவிடம். ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு மாற்றம். இங்கே யாரும் தேதி சொல்வதில்லை, ஆண்டின் எத்தனையாவது வாரம் என்றுதான் சொல்வார்கள். பல் மருத்துவர் ஏழாம் வாரம் வரச் சொல்வார். முப்பதாம் வாரம் ஊரே விடுமுறையில் போகும். ஒரு குழந்தையை இரண்டாகப் பிரிக்க இதைவிடச் சுத்தமான கத்தி கிடையாது.*

* இந்த வாக்கியம் கொஞ்சம் அழகாக இருக்கிறது. அழகான வாக்கியங்களை நான் நம்புவதில்லை. உண்மையில் இருவரும் சண்டை போடாமல், காபி குடித்துக்கொண்டேதான் பிரித்துக்கொண்டார்கள். ஆனாலும் இருக்கட்டும்.

3

போன நவம்பரில் ஒரு செவ்வாய், இரட்டைப்படை வாரம். இன்ஜின் உறையாமல் காரைச் சூடாக்கும் மின்வயரை முதல் நாளே செருக மறந்திருந்தான். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தாறு. நீச்சல் துணி முந்தைய வாரத்து ஈரத்தோடு பைக்குள்ளேயே கிடந்தது. கஞ்சி அடிப்பிடித்தது. கையுறை ஒன்றுதான் இருந்தது.

ஹோகன் கத்தினான். கையுறையில் தொடங்கி, பொறுப்பு, வயது, உலகத்தில் மற்ற குழந்தைகள் என்று போனான். இல்வா இருந்த ஒற்றைக் கையுறையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். காரில், கையுறை இல்லாத கையை ஸ்வெட்டருக்குள் இழுத்துக்கொண்டு, பள்ளி வரும்வரை ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள். சத்தமில்லாமல், யாருக்கும் இடைஞ்சல் தராமல்.

அன்று மதியமே 'இருபத்தொரு விடியல்' என்ற இணையப் பயிற்சியில் ஹோகன் சேர்ந்தான். (குளிர்காலத்தில் லூலியோவில் விடிய ஏறக்குறைய பத்து மணி ஆகும். பயிற்சி நடத்துபவர் தெற்கு ஸ்வீடன்காரர்.) அந்த மனிதர் காணொளிகளில் தன் சமையலறையில் நின்று பேசுவார். அந்த மேசையில் ஒரு ரொட்டித் துகள்கூட இருக்காது. ஐந்து மணிக்கு எழ வேண்டும், குளிர்ந்த நீரில் குளிக்க வேண்டும், உடற்பயிற்சி, மூன்று பக்கம் எழுத்து, அன்றைய திட்டம். எல்லாம் ஆறரைக்குள். தொடர்ந்து இருபத்தொரு நாள். ஒரு நாள் தவறினாலும் மறுபடி ஒன்றிலிருந்து. பதினாலைத் தாண்டிவிட்டால் மீதி தானாக வரும் என்பது அவர் வாக்கு. இருபத்தொரு கட்டங்கள் போட்ட தாளைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்ட வேண்டும். தாளின் தலைப்பில், எதற்காக என்று ஒரு வரி எழுத வேண்டும்.

ஹோகன் எழுதினான்: இல்வாவிடம் கத்தாமல் இருக்க.

(இந்த வரியை அடித்துவிடலாமா என்று ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இவனைக் கேலி செய்யத்தான் நான் உட்கார்ந்தேன். இதற்கப்புறம் கை கொஞ்சம் தயங்குகிறது. கேலி செய்ய வேறு ஆளைக் கூப்பிடுகிறேன்.)

அலுவலகக் காபி அறையில் யோர்மா. பேருந்து ஓட்டுநர், பின்லாந்துக்காரர்.

"என்னய்யா, காலங்காத்தால பச்சத்தண்ணில குளிக்கிறியாமே?"

"உடம்பு நல்லா முழிச்சுக்குது."

"அதுக்குப் பணம் வேற கட்டியிருக்க. சட்டையக் கழட்டிட்டு வாசல்ல நில்லு, நகராட்சி இனாமாவே குடுக்குது."

"உனக்குப் புரியாது, யோர்மா."

"புரியாதுதான். இருபத்தெட்டு வருஷமா மூணே முக்காலுக்கு எந்திரிக்கிறேன். இதுக்குப் பேரு வேலைன்னு நெனச்சுட்டேன். பயிற்சின்னு யாரும் சொல்லல பாரு."

கிறிஸ்துமஸுக்குள் ஹோகன் மூன்று முறை தொடங்கினான். மூன்று முறையும் ஏழு கட்டங்கள் அழகாக நிரம்பின. எட்டாம் நாள் இல்வாவின் வாரம் பிறக்கும். குளிர்ந்த நீரில் அவன் போடும் கூச்சலில் விழித்து, "என்னாச்சுப்பா?" என்று குளியலறைக் கதவைத் தட்டுவாள். அவளைத் திரும்பத் தூங்கவைத்து, தூங்கியவளை மூன்று தடவை எழுப்பி, கஞ்சி கிண்டி, கையுறை தேடி. எட்டாம் கட்டம் காலியாகவே நிற்கும்.

4

ஐந்தாறு வருஷத்துக்கு ஒருமுறை ஆண்டில் ஒரு வாரம் மிஞ்சிவிடுகிறது. ஐம்பத்திரண்டோடு முடியாமல் ஐம்பத்துமூன்று என்று ஒன்று வந்து நிற்கும். அதற்கடுத்தது புத்தாண்டின் ஒன்றாம் வாரம். இரண்டும் ஒற்றைப்படை. ஒப்பந்தம் எழுதிய அன்று மாலின் இதைக் கவனிக்கவில்லை. அட்டவணை போட்டே பிழைக்கும் ஹோகனும் கவனிக்கவில்லை.

முதல் பிரதியில் மாலினைக் கொஞ்சம் கெட்டவளாக எழுதிப் பார்த்தேன். ஒத்துவரவில்லை. ஒவ்வொரு முறை போன் எடுத்தபோதும் அவள் நியாயமாகவே பேசினாள். நியாயமாகப் பேசுகிறவர்கள் கதாசிரியருக்குப் பெரிய தொல்லை.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள், இல்வா அப்பா வீட்டில் இருந்தபோது, கூப்பிட்டாள்.

"காலண்டரப் பாத்தியா, ஹோகன்? அம்பத்துமூணும் ஒத்தை, அடுத்த ஒண்ணும் ஒத்தை. ரெண்டும் எங்கிட்டயே வருது."

"பாத்தேன்."

"அம்பத்துமூணு நான் வெச்சுக்கறேன். ஒண்ணுலேர்ந்து நீ எடுத்துக்க. இனிமே உனக்கு ஒத்தை, எனக்கு ரெட்டை. அவ்வளவுதான."

"தாள்ல எனக்கு ரெட்டைன்னு இருக்கே."

"தாள்ல இருக்கு. பதினாலு நாள் அவளப் பாக்காம இருப்பியான்னு கேக்கறேன்."

"ஒரு தடவைதான. எழுதினபடியே இருக்கட்டும், மாலின்."

"உன் இஷ்டம். அவ எங்கூட இருந்தா எனக்கென்ன, சந்தோஷம்தான்."

இல்வா அதே சமையலறையில் மேசையருகே நின்று, ரொட்டிக்குச் சீஸ் சீவிக்கொண்டிருந்தாள். ஒரே பக்கமாக இழுத்து இழுத்துக் கட்டியைப் பனிச்சறுக்கு மலைபோலச் சரித்துவிடுவது அவள் வழக்கம். இந்த நாட்டில் இது ஏறக்குறைய ஒழுக்கக்கேடு. காதில் இயர்போன். பாட்டு ஓடிக்கொண்டிருந்ததா? முதல் பிரதியில் ஓடியது. இரண்டாவதில் நான் நிறுத்திவிட்டேன்.

"அப்பா, இருபத்தொண்ணும் விடாம இருக்கணுமா?"

"ஒரு நாள் விட்டாலும் முதல்லேர்ந்து."

"மூணு தடவையும் எட்டுலயே நின்னுருக்கு."

"ம்."

"எட்டுன்னா, நான் இருக்கற நாள்தான?"

"அதுக்கில்லடா கண்ணு. அப்பாவுக்கு இன்னும் சரியாப் பழகல, அதான்."

"சரி," என்றாள். இன்னொரு சீவல் எடுத்தாள்.

அந்தச் 'சரி'க்குப் பின்னால் ஒரு வர்ணனை வைக்கலாம் என்று நாலு முறை முயன்றேன். கண் கலங்கியது, குரல் கம்மியது, அப்படி ஏதாவது. நாலையும் எடுத்துவிட்டேன். அவள் வெறும் 'சரி'தான் சொன்னாள். ஹோகனுக்கு நிம்மதியாக இருந்தது.

5

பதினாலு காலைகளும் பிரமாதம். எழுந்தான், குளித்தான், குனிந்து நிமிர்ந்தான், எழுதினான், கட்டத்தில் குறி போட்டான். காருக்கு வயர் தவறாமல் செருகப்பட்டது. யாரிடமும் கத்தவில்லை.

(கத்த யாரும் இல்லை என்று இங்கே ஒரு வரி சேர்க்கலாம். சேர்க்காமலே உங்களுக்குத் தெரியும்.)

பத்தாம் நாள் கிறிஸ்தவர்களின் திருக்காட்சித் திருநாள், அலுவலகம் விடுமுறை. வழக்கம்போல ஆறு இருபதுக்கு எல்லாம் முடிந்துவிட்டது. அன்றைய திட்டம் என்ற இடத்தில் 'துணி துவைத்தல்' என்று எழுதியிருந்தான். துணி முந்தின நாளே துவைத்தாகிவிட்டது. குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தான். சீஸ் கட்டி இருந்தது. ஒன்பது நாளாக அவன் ஒருவனே சீவியதில் மேல்பக்கம் மேசைபோலச் சமமாக இருந்தது. கதவைத் திறந்தபடியே பார்த்துக்கொண்டு நின்றான். பெட்டி கூவத் தொடங்கியதும் மூடினான்.

அப்போது அவனுக்குப் புரிந்தது, தான் இத்தனை நாளும் கட்டியெழுப்பியது ஒரு—

இல்லை. அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. கதாபாத்திரத்துக்குத் திடீரென்று புரிந்தால், கதாசிரியருக்குச் சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது என்று அர்த்தம். ஹோகன் செய்தது இவ்வளவுதான்: ஆறு நாற்பதுக்கு மகளுக்குச் செய்தி அனுப்பினான். "எந்திரிச்சுட்டியா கண்ணு?"

பதில் பத்து மணிக்கு வந்தது, வெளிச்சம் வந்த பிறகு.

"இது ஒத்தை வாரம்ப்பா."

கோபமில்லை, குத்தலில்லை. பேருந்து தவறான நிறுத்தத்துக்கு வந்துவிட்டால் பயணி ஓட்டுநரிடம் சொல்வதுபோல. ஹோகன் அதை ஐந்தாறு முறை படித்தான். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினான்.

6

ஞாயிற்றுக்கிழமை. பதினாலாம் கட்டத்துக்குக் குறி போட்டாகிவிட்டது. மதியத்திலிருந்து இறைச்சி உருண்டை பொரித்துக்கொண்டிருந்தான், இரண்டு பேருக்கு என்றால் நம்ப முடியாத அளவுக்கு. இல்வாவின் படுக்கை விரிப்பை மாற்றினான். மாலை நாலு நாற்பதுக்கு மாலின் கூப்பிட்டாள்.

"ஹோகன், அவ இன்னும் கிளம்பல."

"கார் மக்கர் பண்ணுதா? நானே வரேன்."

"அதில்ல. ரெண்டாம் வாரமும் இங்கயே இருக்கட்டுமான்னு கேக்கறா."

"ஏன்? எம்மேல கோவமா?"

"கோவமெல்லாம் ஒண்ணுமில்ல. அப்பாவுக்குப் பதினாலு ஆயிடுச்சு, இன்னும் ஏழுதான் பாக்கி, இப்பப் போய் நான் நின்னா மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும், பாவம்ங்கறா."

ஹோகன் அடுப்பை அணைத்தான்.

"ஹோகன்?"

"இருக்கேன்."

"இன்னொண்ணும் சொல்றா. அப்பாவுக்கு இதுதான் வசதின்னா, இருபத்தொண்ணுக்கு அப்புறமும் இப்படியே இருந்துக்கறேன்னு. அடுத்த மாசம் பன்னெண்டு வயசு முடியுதில்ல, எங்க இருக்கணும்னு தானே சொல்லலாமாம். யார்கிட்டயோ கேட்டு வெச்சிருக்கா."

"யார்கிட்ட?"

"எனக்குத் தெரியாது. நான் என்ன சொல்லட்டும் அவகிட்ட? பக்கத்துலதான் நிக்கறா."

7

இந்த இடத்தில் எனக்கு மூன்று முடிவுகள் கிடைத்தன.

ஒன்று. ஹோகன் காருக்கு ஓடுகிறான். எழுதிப் பார்த்தேன், நன்றாகவே வந்தது. சிக்னல்களெல்லாம் பச்சையாக விழுந்தன. மாலின் வீட்டு வாசலில் இல்வாவை வாரி அணைத்துக் கூட்டி வருகிறான். ஆனால் காருக்குள் உட்கார்ந்த இல்வாவை என்னால் சமாளிக்க முடியவில்லை. அவளைப் பொறுத்தவரை, பதினாலை அப்பாவிடமிருந்து பறித்தவள் அவள். வழி நெடுகிலும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தாள்.

இரண்டு. ஹோகன் "சரி" என்கிறான். இருபத்தொன்றும் நிரம்புகிறது. பயிற்சிக்காரர் சான்றிதழ் அனுப்புகிறார், அதில் அவன் நோக்கம் அச்சாகியிருக்கிறது: இல்வாவிடம் கத்தாமல் இருந்தார். அதில் பொய் எதுவும் இல்லை என்பதுதான் பிரச்சினை. இந்த முடிவைச் சிரித்துக்கொண்டே எழுதினேன், திரும்பப் படிக்க முடியவில்லை.

மூன்று. ஹோகன் தாளைக் கிழிக்கிறான், அந்தச் சத்தம் போனில் கேட்கிறது. பெரியவர்களுக்கு இது பிடிக்கும். இல்வாவுக்கு அந்தச் சத்தம் வேறு மாதிரி. அப்பா கத்துவதற்குச் சற்று முன்பு சாமான்கள் எழுப்பும் சத்தம்.

ஆகவே எனக்கு உறுதியாகத் தெரிந்தது இவ்வளவுதான். ஹோகன், "அவகிட்ட குடு" என்றான். போன் கைமாறியது. பின்னால் ஒரு பையின் ஜிப் இழுபட்டது, மெதுவாக, நடுவில் ஒருமுறை சிக்கி நின்று. மூடுகிறாளா திறக்கிறாளா என்று இங்கிருந்து தெரியவில்லை.

"அப்பா?"

அடுத்த வாக்கியம் ஹோகனுடையது. நான் எழுதிக் கொடுத்தால் குழந்தைக்குத் தெரிந்துவிடும். முதல் பக்கத்திலிருந்து அவள் அப்பாவைக் கிண்டல் செய்த குரல் இது. நீங்கள் சொல்லுங்கள். அழகான வாக்கியம் வேண்டாம். 'வசதி' என்ற சொல் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். ரொம்ப யோசிக்கவும் வேண்டாம். நீங்கள் யோசிக்கும் நேரத்தையும் அவள் எண்ணிக்கொண்டிருக்கிறாள்.