பெயர் இங்கே வரும்

மார்ச் பதினான்காம் தேதி மாலை, ஸ்டூடியோவின் கீழ்த்தளத்தில் இருக்கும் சிறிய திரையரங்கில், வீடு மாறும் வாத்துக் குடும்பத்தைப் பற்றிய அனிமேஷன் படம் அழைக்கப்பட்ட சிலருக்கு முதல்முறையாகத் திரையிடப்பட்டது. தொடக்கப் பெயர் வரிசையில் வாத்துகளுக்குக் கண்கள் இல்லை.

இருந்திருக்க வேண்டும். மஞ்சள் அலகு, செம்மண் நிறத் தெரு, ஆளுக்கொரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு சாலையைக் கடக்கும் வாத்துகள், ஒவ்வொரு பெட்டியிலும் படத்தில் உழைத்த ஒருவரின் பெயர் என்று ஏழு மாதம் உட்கார்ந்து வண்ணம் தீட்டியிருந்தாள் வண்ணக்காரி. கடைசிக் குட்டி வாத்தின் நீலப் பெட்டியில் அவள் பெயர். இதுவரை அவள் பெயர் படங்களின் முடிவில்தான் ஓடியிருக்கிறது. அப்போது விளக்கெல்லாம் போட்டுவிடுவார்கள், ஜனங்கள் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார்கள். முன்னால் வரப்போவது இதுதான் முதல்முறை. அம்மாவிடம் சொல்லிவிட்டாள். அம்மா தெருவுக்கே சொல்லிவிட்டாள்.

அந்த ஸ்டூடியோவில் ஒரு வழக்கம் உண்டு. முடிந்த காட்சியைத் திருத்த வெளியே எடுத்தால், இடம் காலியாகாமல் இருக்கப் பழைய பென்சில் வரைவைச் செருகி வைப்பார்கள். சாம்பல் கோடுகள், கண் வரையாத முகங்கள், தாளத்துக்காக ஒரு டிக் டிக் சத்தம், மூலையில் ஓடும் எண். முதல் பெட்டியில் மட்டும் இயக்குநரின் பெயர், மற்றவற்றில் ‘பெயர் இங்கே வரும்’. திரையிடலன்று மதியம் இயக்குநர் எல்லோரையும் கூப்பிட்டு, தாய் வாத்தின் வாலில் தன்மானம் போதவில்லை என்றார். வண்ணக்காரி காட்சியை வெளியே எடுத்து, வரைவைச் செருகி, வாலுக்குத் தேவையான தன்மானத்தைச் சேர்த்தாள். திரும்ப மாற்றி வைக்க மறந்துபோனாள்.

படம் முடிந்ததும் இயக்குநர் சிரித்த முகத்தோடு விருந்தினர்களை வழியனுப்பினார். கதவைச் சாத்தியதும் முகம் மாறியது.

“இது யார் வேலைன்னு திங்கட்கிழமை தெரிஞ்சாகணும். தெரிஞ்ச அன்னைக்கே மூட்டை கட்டிடணும்.”

அழைக்கப்பட்டவர்களில் வண்ணக்காரியின் அக்காள் கணவரும் ஒருவர். திரைப்படக் கல்லூரியில் விரிவுரையாளர். அனுமதிச் சீட்டு வாங்கித் தந்ததே வண்ணக்காரிதான். ஞாயிறு காலை இணைய இதழ் ஒன்றில் அவருடைய கட்டுரை வந்தது. ஒரு நிமிடத்துக்கும் குறைவான பெயர் வரிசைக்கு ஒன்பது பக்கம். கண்ணற்ற வாத்துகள் எதிர்காலத்தைப் பார்க்க மறுக்கப்பட்ட மக்கள். டிக் டிக் என்பது இடம்பெயர்ந்தவர்களின் இதயத் துடிப்பு. மூலையில் ஓடும் எண், தொலைந்த வீடுகளின் கணக்கு. ‘பெயர் இங்கே வரும்’ என்ற பெட்டிகளோ, முகமற்ற உழைப்பாளிகளுக்குத் திரையில் எழுப்பப்பட்ட நினைவுச்சின்னம். முதல் பெட்டியில் மட்டும் ஏன் பெயர் இருக்கிறது என்பதற்கும் ஒரு பத்தி இருந்தது. அதிகாரம் எப்போதும் பெயருடன்தான் வருமாம். குழந்தைகளைச் சிரிக்க வைக்க எடுத்த படம் என்ற தகவல் மட்டும் ஒன்பது பக்கத்தில் எங்கும் இடம்பெறவில்லை.

மதியம் வண்ணக்காரி அக்கா வீட்டுக்குப் போனாள். அக்கா சாப்பாடு பரிமாறிக்கொண்டே, இந்த மனுஷன் சட்டையில் பட்டன் போனாலும் அது என்ன சொல்கிறது என்று யோசிப்பார், தைக்க மட்டும் மாட்டார் என்றாள். அவர் அதை ஒரு பாராட்டாக ஏற்றுக்கொண்டார்.

“அத்தான், அது வெறும் வரைவு. மாத்தி வெக்க மறந்துட்டேன். நீங்க ஒரு வரி திருத்தம் போட்டீங்கன்னா என் பெட்டி எனக்குத் திரும்பக் கிடைக்கும்.”

“படைப்பாளி என்ன நினைச்சாங்கறது எனக்கு முக்கியமில்லம்மா.”

“யாரும் ஒண்ணும் நினைக்கல அத்தான். அதத்தான் சொல்றேன்.”

“அப்படின்னா இன்னும் ஆழமா இருக்கே” என்று சொல்லி மோர் கேட்டார்.

திங்களன்று கூட்டத்துக்கு இயக்குநர் கட்டுரையை அச்செடுத்துக்கொண்டு வந்தார். பல வரிகளுக்கு அடியில் கோடு போட்டிருந்தார். ஒரு வருஷமாக இதைத்தான் சொல்ல முயன்றுகொண்டிருந்ததாகவும், ஒரே ஒரு மனிதருக்காவது புரிந்ததே என்றும் சொன்னார். தயாரிப்பாளர் தலையாட்டினார். வண்ணம் இல்லாத வாத்துக்குச் செலவு குறைவு என்பதும் அவர் தலையாட்டியதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

மூட்டை கட்ட வேண்டியவரைப் பற்றி யாரும் கேட்கவில்லை. பேசாமல் இருந்தால் வேலை பத்திரம், ஆனால் பெட்டி போய்விடும். வண்ணக்காரி எழுந்தாள்.

“சார், அது நான் செஞ்ச தப்பு. கண்ணு வெச்சது தயாரா இருக்கு. இன்னைக்கே சேத்துடலாம்.”

இயக்குநர் அவளைப் பரிவோடு பார்த்தார். “நீ தப்பு பண்ணலம்மா. எனக்கு என்ன வேணும்னு எனக்கு முன்னாடியே உன் கைக்குத் தெரிஞ்சிருக்கு.”

“பேராவது போடலாமா சார்? எல்லாரும் உழைச்சிருக்காங்க.”

“மூணாம் பக்கம் படிச்சியா? அந்தக் காலிப் பெட்டிங்கதான் படத்தோட உயிராம்.”

படத்தொகுப்பாளர் இருமினார். தயாரிப்பாளர் அடுத்த விஷயத்துக்குப் போனார்.

படம் ஜூன் மாதம் வெளியானது. முதல் காட்சியில் ஒரு குழந்தை, வாத்துக்குக் கண் வலியா என்று சத்தமாகக் கேட்டது. கட்டுரை கல்லூரியில் பாடமாக வைக்கப்பட்டது. ஆண்டு முடிவில் சிறந்த பெயர் வரிசைக்கான பரிசை இயக்குநர் பெற்றுக்கொண்டார். கடைசிக் குட்டி வாத்தின் பெட்டியில் ‘பெயர் இங்கே வரும்’ என்றே இருந்தது. வண்ணக்காரியின் பெயர் படத்தின் முடிவில், விளக்குகள் போட்ட பிறகு வந்தது.